கையுறை கழற்றிய விருந்தாளி

லியோந்தின் கார்போ எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகக் கையுறையைக் கழற்றிவிடுவாள். யோசித்துச் செய்வதில்லை. பல வருடமாகப் பாரிஸில் வீடு வீடாகப் போய்ப் பியானோ கற்றுக்கொடுப்பவள் அவள். உள்ளே போனதும் கைக்கு வேலை வந்துவிடும், அவ்வளவுதான். தொப்பி தலையிலேயே இருக்கும், மேலங்கி தோளிலேயே இருக்கும், நடைவழியைத் தாண்டுவதற்குள் கையுறை மட்டும் கழன்று பைக்குள் போயிருக்கும்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஷார்த்ர் ஊரில் தேவாலய ஆர்கன் வாசித்தவரின் மகள். சின்ன வயதில், ஆர்கன் துருத்தி இருந்த அறையின் கதவில் வலது கைச் சுண்டுவிரல் மாட்டி நசுங்கியது. அது சற்றே வெளிப்பக்கம் வளைந்தபடி ஆறிவிட்டது. இனி இந்தப் பெண் பியானோ பக்கம் போகவே முடியாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் போனாள். அப்பா இறந்ததும் ஒரே ஒரு பெட்டியோடு பாரிஸுக்கு ரயிலேறினாள். பத்தின்யோல் பக்கம் உச்சி மாடியில் ஓர் அறை கிடைத்தது. காலையில் ரொட்டியும் பால் காப்பியும், ராத்திரி சூப். இரண்டுக்கும் நடுவே நடை, நடை, நடை.

அவள் நிலைமை ஒரு மாதிரி நடுவாந்திரமானது. வேலைக்காரர்களின் பின்பக்கப் படிக்கட்டில் ஏற வேண்டியதில்லை, பெரிய வாசல் வழியாகவே வரலாம். ஆனால் வந்தவளை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள். அவளுக்கென்று இருக்கும் ஒரே ஆசனம் பியானோ முக்காலி.

மதாம் வாசேல் வீட்டில் அவளுக்கு வியாழக்கிழமை பாடம். கடைசிப் பெண் ஒதீலுக்கு. மதாம் வாசேல் விருந்தாளிகளை வரவேற்கும் நாளும் வியாழன்தான். ஐந்து மணிக்கு ஒவ்வொருவராக வருவார்கள். கால் மணி நேரம், ஒரு கோப்பை தேநீர், கொஞ்சம் ஊர்வம்பு, பிறகு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாடம் முடிகிற நேரத்தில்தான் தேநீர்த் தட்டும் வரும். வேலைக்காரி மெலனி வெள்ளிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வர, லியோந்தின் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாள். தேயிலை, எலுமிச்சை, வெண்ணெய் கேக் எல்லாம் கலந்த அந்த வாசனை அவள் கூடவே கீழ்ப்படி வரைக்கும் வரும்.

"நல்லா மூச்சை இழுத்துக்கோங்க மத்மசேல்," என்று மெலனி கண்ணடிப்பாள். "வாசனைக்கு மட்டும் இங்க யாரும் கதவைச் சாத்தமாட்டாங்க."

மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை எல்லாம் தலைகீழானது.

ஒதீல் விரல்பயிற்சியை ஆரம்பித்த நேரம். கதவு படாரென்று திறந்தது. வீட்டின் மூத்த பெண் எலோடி நின்றாள். கையில் தூரிகை, மூக்கு நுனியில் நீல வர்ணம்.

"மத்மசேல் கார்போ, எழுந்திருங்க! உங்க தலை என்ன அளவு?"

"தலையா?"

"தொப்பிக்கு! ஃபெர்நாந்த்துக்குப் பல் ஈறு வீங்கிருச்சு. ஒரு கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆயிருச்சாம். வரமாட்டேன்னு ஆள் அனுப்பிட்டா. தொப்பி இருக்கு, டீ இருக்கு, வெளிச்சம் இருக்கு, குடிக்கத்தான் ஆள் இல்ல. வாங்க, வாங்க!"

ஒதீல் முக்காலியிலிருந்து குதித்து, "அப்ப பாடம் கிடையாதா?" என்று கைதட்டினாள்.

எலோடி ஓவியம் வரைகிறவள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் கூட்டாளிகளான ஆண்கள் காப்பிக் கடைகளிலும் நடன அரங்குகளிலும் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார்கள். எலோடி அங்கெல்லாம் தனியாகப் போனால் வீட்டில் பூகம்பம் வரும். அவளுக்கு வாய்த்தது அம்மாவின் வரவேற்பறை. இங்கே நடப்பதும் பாரிஸ்தானே என்பாள். அந்த வசந்தத்தில் அவளும் அவள் கூட்டாளிகளும் வாடகைக்கு இடம் பிடித்து, யாருடைய தயவும் இல்லாமல் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். அதற்காக அவள் வரைந்துகொண்டிருந்ததுதான் தேநீர் படம். கோடுபோட்ட சுவர்க் காகிதம், பூப்போட்ட சோபா, முன்னால் வெள்ளிக் கெண்டி. சோபாவில் இரண்டு பெண்கள். ஒருத்தி வீட்டுக்காரி, அதாவது மதாம் வாசேல். இன்னொருத்தி விருந்தாளி, அதாவது மதாமின் அண்ணன் மகள் ஃபெர்நாந்த்.

அந்த ஃபெர்நாந்த்தின் நீலத் தொப்பிதான் இப்போது லியோந்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. கச்சிதமாகப் பொருந்தியது!

அவள் சோபாவில் அமர்ந்தாள். பன்னிரண்டு வருடத்தில் பாரிஸில் அவள் உட்கார்ந்த முதல் சோபா. இவ்வளவு அமுங்கும் என்று அவளுக்குத் தெரியாது. விழாமல் இருக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்மசேல், உங்க கையுறை எங்க?" என்றாள் மதாம் வாசேல்.

லியோந்தின் கையைப் பார்த்தாள். வெறும் கை. முகம் சிவந்துவிட்டது. கால் மணி நேரம் வந்துபோகிறவள் தொப்பியையும் கழற்றமாட்டாள், கையுறையையும் கழற்றமாட்டாள். கையுறையோடுதான் கோப்பையை எடுப்பாள். கழற்றி வைத்தால் ஒன்று சாப்பாட்டுக்குத் தங்கப் போகிறாள், இல்லை வேலை செய்ய வந்திருக்கிறாள். இது தெரியாமல் அந்த ஊரில் யாரும் வளர்ந்ததில்லை.

"மன்னிச்சுக்கோங்க மதாம், பழக்க தோஷம். இதோ போட்டுக்கிறேன்..."

"தொடாதீங்க!" எலோடி போட்ட சத்தத்தில் கெண்டியின் மூடி அதிர்ந்தது. "அப்படியே இருங்க. அந்தக் கை! அம்மா, நீ பேசாம இரேன், வெளிச்சம் ஓடுது!"

மெலனி ஊற்றினாள். எத்தனையோ வியாழக்கிழமை முகர்ந்து பார்த்த அதே தேநீர். லியோந்தின் கோப்பையைத் தூக்கினாள். குடித்தாள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. இன்னொரு வாய் குடித்தாள்.

"மத்மசேல், நிஜமா குடிக்க வேண்டாம். குடிக்கிற மாதிரி இருந்தா போதும்."

"குடிக்காம குடிக்கிற மாதிரி இருக்க எனக்கு வராதே."

எலோடி வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப குடிங்க! மெலனி, கெண்டியை நிரப்பு!"

"வயிறு வெடிக்கப் போகுது இவங்களுக்கு," என்றாள் ஒதீல்.

மதாம் வாசேல் அலுப்போடு தாடையில் கைவைத்துக்கொண்டாள். அதையும் எலோடி விடாமல் வரைந்தாள்.

ஐந்து மணி அடித்தது. வாசல்மணியும் அடித்தது. மதாம் சட்டென்று எழுந்து பாவாடையை நீவிவிட்டாள். "ஆளுங்க வர்றாங்க. சீக்கிரம், மத்மசேல். அந்தத் தொப்பியைக் குடுங்க. நடைவழியா போயிடுங்க." எலோடியின் படமும் லியோந்தினும் ஒரே நேரத்தில் அறையைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நிஜ விருந்தாளி உள்ளே வந்தபோது சோபா காலியாக இருந்தது. அது இன்னும் சூடாக இருந்திருக்கும்.

ஆனாலும் அன்றைக்கு லியோந்தின் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தாள்! மழைச் சேற்றைக் கவனிக்கவில்லை, குதிரைவண்டிக்காரன் திட்டியதைக் கேட்கவில்லை. கட்டடத்தின் வாசல் அறையிலிருந்து காவல்காரி மதாம் புஷார் தலையை நீட்டினாள்.

"என்னடி, முகமெல்லாம் பல்லா இருக்கு? மாப்பிள்ளை கிடைச்சுட்டானா?"

"அதைவிடப் பெருசு, மதாம் புஷார். என்னைப் படத்துல வரையறாங்க! சோபாவுல, விருந்தாளியா! கண்காட்சியில மாட்டுவாங்க. ஊரே பார்க்கும்."

"உன்னையா? பியானோவோடயா?"

"பியானோ இல்லாம! நான் மட்டும், டீ குடிச்சுக்கிட்டு!"

அன்று மாலைக்குள் எல்லா மாடிக்கும் செய்தி போய்விட்டது. கரிக்காரன் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். இரண்டாம் மாடித் தையல்காரி, "கோடீஸ்வரி வர்றாங்க, வழிவிடுங்க," என்றாள். லியோந்தின் சிரித்துக்கொண்டே ஏறினாள். மேலே கதவைச் சாத்தி, கண்ணாடியைப் பார்த்தாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் அவளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், யாருக்காவது அவள் முகம் ஞாபகம் இருக்குமா? இந்த முகம் ஒரு முறையாவது ஒரு சுவரில் இருக்கட்டும், விருந்தாளியாக இருக்கட்டும். இவ்வளவு பலமாக அவள் எதையும் ஆசைப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளிலும் எலோடி கூப்பிட்டாள். லியோந்தின் பாடங்களை முன்னே பின்னே தள்ளிவைத்து ஓடினாள். படத்தைப் பார்க்க மட்டும் அனுமதி இல்லை. "முடியறதுக்கு முன்னால பார்த்தா நீங்க அழகா உட்கார ஆரம்பிச்சிருவீங்க. எனக்கு அது வேண்டாம்," என்பாள் எலோடி.

பல் ஆறி, கன்னம் வற்றி, ஒரு வியாழக்கிழமை ஃபெர்நாந்த் வந்து சேர்ந்தாள்.

லியோந்தின் அடுத்த அறையில் ஒதீலுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவர் தாண்டிக் குரல் வந்தது.

"என் தொப்பியை அந்தப் பியானோக்காரி தலையில வெச்சியா? எலோடி, உனக்குப் பைத்தியமா? நான் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், படத்துல நான்தான்னு! அத்தை, நீங்களாவது கேளுங்க!"

"நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றது மதாமின் குரல். "மத்த வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? வாசேல் வீட்ல டீச்சரம்மாவை சோபாவுல உட்கார வெக்கிறாங்கன்னு மெச்சுவாங்களா? சிரிப்பாங்க. அதுவும் அந்த வெறுங்கை வேற!"

ஒதீல் மெல்ல, மெல்ல, ஈ நடப்பதுபோல் வாசித்தாள்.

"சத்தமா வாசி, ஒதீல்."

"சத்தமா வாசிச்சா அவங்க பேசறது கேக்காதே, மத்மசேல்!"

லியோந்தின் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவள் விரல்கள் மடியில் பின்னிக் கிடந்தன.  பிறகு எலோடியின் குரல், களைத்துப்போய்: "சரிம்மா. முகத்தை எடுத்துடறேன். போதுமா?"

போதுமாம். ஃபெர்நாந்த் கைதட்டுவது கேட்டது.

லியோந்தின் பாடத்தை முடித்தாள். மெலனிக்கு வழிவிட்டாள். அன்று மெலனி கண்ணடிக்கவில்லை. படியிறங்கிப் பாதி தூரம் போனபோது, எலோடி பின்னாலேயே தடதடவென்று ஓடிவந்தாள்.

"கேட்டுட்டீங்க, இல்ல?"

"சுவர் மெல்லிசு, மத்மசேல் எலோடி."

"கண்காட்சிக்கு வாங்க. கண்டிப்பா வரணும். இப்ப எதையும் கேக்காதீங்க, நானும் சொல்லமாட்டேன். வருவீங்களா?"

 லியோந்தின் சரி என்று தலையாட்டினாள். இல்லாத முகத்தைப் பார்க்க எதற்குப் போகவேண்டும்? அன்று இரவு முழுக்கக் கோபம். ஆனால் கண்காட்சி திறந்த நாளில் மதாம் புஷார் தேவாலயத்துக்கு மட்டும் எடுக்கும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். "வாடி. இந்தக் கட்டடத்துக்கே நீதான் பெருமை." இதற்கு என்ன சொல்வது? தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். 

உள்ளே ஒரே கூட்டம். பாதிப் பேர் படம் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் சிரிக்க வந்தவர்கள். மூன்றாவது அறையில் தேநீர் படம். அதற்குக் கீழேயே ஃபெர்நாந்த், அதே நீலத் தொப்பியோடு நின்று பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தாள். மதாம் வாசேல் பக்கத்தில்.

லியோந்தின் படத்தைப் பார்த்தாள்.

வெள்ளிக் கெண்டி பளபளத்தது. வீட்டுக்காரி தாடையில் கைவைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி கோப்பையை உயர்த்திக் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பை முகத்தை மறைத்திருந்தது. தொப்பியின் விளிம்பு, தாழ்ந்த இமைகள், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. முகம் இல்லை. ஃபெர்நாந்த்தின் முகமும் இல்லை!

கை இருந்தது. வெறுங்கை. ஒட்ட வெட்டிய நகம், அகன்ற விரல், வெளிப்பக்கம் சற்றே வளைந்த சுண்டுவிரல். ஜன்னல் வெளிச்சம் அத்தனையும் அந்தக் கைமேல்தான் விழுந்தது.

லியோந்தின் கையுறைக்கு மேலாகத் தன் சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கடி நீ?" என்று மதாம் புஷார் கண்ணைச் சுருக்கினாள். "தொப்பி தெரியுது. கோப்பை தெரியுது..."

"ஷ்ஷ்!"

அப்போதுதான் முன்வரிசையிலிருந்த ஒரு தடித்த மனிதர் கைத்தடியால் படத்தைச் சுட்டிக்காட்டி உரக்கச் சிரித்தார். "இந்தம்மாவைப் பாருங்க! டீ பத்தாது, கோப்பையையே முழுங்கப் போறாங்க!"

"கெண்டிக்குத்தான் படம் போட்டிருக்காங்க. பொம்பளைங்க சும்மா பக்கத்துல இருக்காங்க," என்றார் இன்னொருவர்.

"கையைக் கவனிச்சீங்களா? கையுறையே இல்ல! எந்த வீட்டு விருந்தாளி இது, முட்டைக்கோஸ் நறுக்கிட்டு நேரா வந்துட்டாங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்கள் படத்தின் தொப்பியையும் கீழே நின்ற தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஃபெர்நாந்த்தின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"அது நான் இல்ல!" என்று கத்தினாள். "தொப்பி மட்டும்தான் என்னுது! அந்தக் கையைப் பாருங்க, எனக்கு அப்படியா இருக்கு? அது எங்க அத்தை வீட்டுப் பியானோ டீச்சர்! லியோந்தின் கார்போ! அவளேதான்!"

முழுப் பெயரும், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், ஃபெர்நாந்த்தின் வாயாலேயே!

லியோந்தின் யோசிக்கவில்லை. கால் தானாக முன்னே போனது. போகும்போதே கையுறையைக் கழற்றினாள், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கழற்றுவாளே, அதேபோல. படத்துக்குப் பக்கத்தில் போய் வலது கையை உயர்த்திக் காட்டினாள். வளைந்த சுண்டுவிரல் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆமாம் முசியே, நான்தான்."

தடித்த மனிதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேலியை விடாமல், "டீ எப்படிங்க இருந்துச்சு?" என்றார்.

"முதல் வாய் சூடா இருந்துச்சு. மிச்சமெல்லாம் ஆறிப்போச்சு. ஆனாலும் நான் விடலையே!"

இந்த முறை எழுந்த சிரிப்பு வேறு மாதிரி. தடித்த மனிதரே தொப்பியைக் கழற்றிவிட்டார். "எங்க கட்டடம்! எங்க ஆறாவது மாடி!" என்று மதாம் புஷார் பக்கத்தில் நின்றவர்களை முழங்கையால் இடித்தாள். எலோடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "மத்தவங்க எல்லாரும் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்ப்பாங்க. நீங்கதான் நிஜமா குடிச்சீங்க. குடிக்கிறவங்க முகம் எங்க தெரியும்? எங்கம்மாகிட்ட நான் பொய் சொல்லல, முகத்தை எடுத்துட்டேன். கையைப் பத்தி அவங்க சத்தியம் வாங்கலையே!"

எல்லோரும் இப்போது மதாம் வாசேலைப் பார்த்தார்கள். அவளுடைய வியாழக்கிழமை விருந்தாளிகள் மூன்று பேர் அங்கேயே நின்றார்கள். மதாம் ஒருமுறை படத்தைப் பார்த்தாள், ஒருமுறை லியோந்தினைப் பார்த்தாள். வேலைக்கு வந்தவளை சோபாவில் வைத்து வரைந்தோம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். விருந்தாளி என்று சொல்லிவிட்டால் சிரிக்க எதுவும் இல்லை. மதாம் முகத்தில் புன்னகையை வரவழைத்தாள்.

"மத்மசேல் கார்போவா? எங்க வீட்டுக்கு வியாழக்கிழமை டீக்கு வர்றவங்கதான்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இல்லையா, மத்மசேல்?"

"வர்றேன், மதாம்," என்றாள் லியோந்தின்.

ஒரு வீட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள். படத்தில் ஏறுகிற டீச்சர் வேண்டாமாம். அவள் இரண்டு ராத்திரி கவலைப்பட்டாள், பிறகு வேறொரு வீடு கிடைத்தது. அங்கே முதல் நாளே, "நீங்கதானே அந்தக் கை?" என்று கேட்டார்கள். அதற்குப் பின் வெகுகாலம் அவள் பாரிஸில் கற்றுக்கொடுத்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு எந்தப் படத்திலும் வரவும் இல்லை.

கண்காட்சி திறந்ததற்கு அடுத்த வியாழக்கிழமை ஒதீலுக்குப் பாடம் முடிந்தது. ஐந்து மணி. தட்டு வந்தது. லியோந்தின் பழையபடி சுவரோரம் நின்று வழிவிட்டாள். படியிறங்கித் தெருவுக்குப் போனாள். அங்கே நின்று தொப்பியைச் சரிசெய்தாள், இரண்டு கையுறையையும் மாட்டிப் பொத்தான் போட்டாள், திரும்பி வந்து மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த மெலனி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். "யார் வந்திருக்காங்கன்னு சொல்லட்டும், மத்மசேல்?"

"என் பேரையே சொல்லேன்!"

"மத்மசேல் லியோந்தின் கார்போ!" என்று மெலனி தேவைக்கு மேலேயே சத்தமாக அறிவித்தாள்.

சோபாவில் இருந்த இரண்டு பெண்மணிகள் நகர்ந்து இடம்விட்டார்கள். மதாம் வாசேல் கெண்டியைத் தூக்கி ஊற்றினாள். லியோந்தின் உட்கார்ந்தாள், ஓரத்தைப் பிடிக்காமல். கோப்பை நீண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் வலது கையுறையின் பொத்தானை அவிழ்த்து, நிதானமாகக் கழற்றி மடியில் வைத்தாள்.

தேநீர் நல்ல சூடாக இருந்தது.